மிலோஸ் தீவில் கடற்கரை சுற்றப் போகிறீர்களா? முதலில் காற்றைப் பாருங்கள்

கிரேக்க நாட்டின் மிலோஸ் தீவில் என் முதல் நாளைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. ஜூலை மாதம். படங்களில் பார்த்து வாய்பிளந்த சரக்கினிகோ வெள்ளைப்பாறைக் கடற்கரைக்கு, வந்திறங்கிய கையோடு போய் நின்றேன். பாறை இடுக்குக்குள் அலை மொத்திக்கொண்டிருந்தது. தொப்பி பறந்தது. உச்சிவெயில் வேறு. ஒரு மணி நேரத்தில் கண்ணெரிச்சலோடு அறைக்குத் திரும்பினேன். வீட்டுக்கார அம்மா என் கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "வோரியாஸ்" என்று ஒரே சொல்லைச் சொல்லித் தெற்குப் பக்கம் கையைக் காட்டினார். வோரியாஸ் என்றால் வடக்குக் காற்று. அவர் காட்டிய திசையில் இருபது நிமிடம் வண்டியோட்டிப் போனால், அதே நாள், அதே நேரம், கடல் குளம் மாதிரி கிடக்கிறது.

இந்தக் கட்டுரையில் முக்கால்வாசி அந்த அம்மா கையைக் காட்டியதன் விரிவுரைதான்.

தீவின் அமைப்பு

ஏதென்ஸுக்குத் தெற்கே ஏஜியன் கடலில் சிதறிக் கிடக்கும் சிக்லாடிஸ் தீவுக்கூட்டத்தின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கிறது மிலோஸ். எரிமலைத் தீவு. குதிரை லாடம் போல வளைந்து, நடுவே ஒரு பெரிய விரிகுடாவை அணைத்துக்கொண்டிருக்கிறது. அந்த விரிகுடாவின் உள்ளே இருப்பது அடமாஸ் துறைமுகம். கப்பல், பேருந்து, வாடகை வண்டி, மருந்துக்கடை எல்லாம் அங்கேதான். அதற்கு மேலே குன்றின்மீது தலைநகர் பிளாகா. வடகிழக்கு மூலையில் பொலோனியா என்ற மீனவ ஊர். மேற்குப் பாதியில் ஆள் நடமாட்டமே குறைவு, பெரும்பாலும் மண்சாலைதான். இவ்வளவு தெரிந்தால் போதும், வழி தவறாது.

முதல் வேலை: மாதத்தை முடிவு செய்வது

மே கடைசி, ஜூன், செப்டம்பர். இந்த மூன்றில் ஒன்றைப் பிடியுங்கள். ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்று ஒரு காற்று வடக்கிலிருந்து நாள்கணக்கில் விடாமல் வீசும். நமக்கு வாடைக்காற்று என்றால் மார்கழிக் குளிர். அங்கே வாடை வீசுவது நம் ஆடி, ஆவணியில். அந்த மாதங்களில்தான் கூட்டமும் அதிகம், அறை வாடகையும் அதிகம். மே மாதத்தில் குன்றெல்லாம் பூத்திருக்கும், ஆனால் தண்ணீர் சில்லென்று இருக்கும். மெரினாவில் கால் நனைத்துப் பழகியவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி ஓர் அதிர்ச்சிதான். கோடை முழுக்க வெயில் காய்ந்த கடல் செப்டம்பரில் இதமாகிவிடும். என் ஓட்டு செப்டம்பருக்கு. அக்டோபர் பாதிக்கு மேல் கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்திவிடுவார்கள்.

காகித வேலை

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, இது 2024 ஜூனிலிருந்து. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். 15 நாள் என்பது சட்டக் கணக்கு. கோடையில் நேர்காணலுக்கு இடம் கிடைப்பதே பெரும்பாடு என்பதால் இரண்டு, மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள்.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே கார் எடுக்க நம் ஊர் ஓட்டுநர் உரிமம் மட்டும் போதாது, பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். இந்தியாவில் ஆர்டிஓ அலுவலகத்தில் தருவார்கள். ஏதென்ஸில் இறங்கிய பிறகு இதற்கு வழியில்லை. சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதையும் இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்வது

ஏதென்ஸிலிருந்து சின்ன விமானம் உண்டு, முக்கால் மணி நேரத்துக்குள் இறக்கிவிடும். ஆனால் முதல்முறை போகிறவர்கள் கப்பலில் போவதுதான் அழகு. பிரேயஸ் துறைமுகத்திலிருந்து புறப்படும். ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து அங்கே மெட்ரோ நேராகப் போகிறது. இரவு பகல் ஓடும் எக்ஸ்96 பேருந்தும் உண்டு. அதிவேகப் படகு மூன்று மணி நேரத்தை ஒட்டி, பெரிய கப்பல் ஐந்திலிருந்து ஏழு மணி நேரம். நான் பெரிய கப்பலைத்தான் சொல்வேன். மலிவு, மேல்தளத்தில் நிற்கலாம், அலையில் ஆட்டமும் குறைவு. அதிவேகப் படகில் பெரும்பாலும் உள்ளேயே அடைந்து கிடக்க வேண்டும். காற்று நாளில் குமட்டல் வேறு. அவோமின் போல ஏதாவது மாத்திரை ஒத்துக்கொள்ளும் என்றால், ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். தலை சுற்றத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை.

பிரேயஸ் பெரிய துறைமுகம். கப்பல் எந்த வாயிலில் நிற்கிறது என்று சீட்டில் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் முன்பே போங்கள். ஒரு வாயிலிலிருந்து இன்னொன்றுக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்களை அங்கே தினமும் பார்க்கலாம்.

எங்கே தங்குவது, எதில் சுற்றுவது

முதல் தடவையா? அடமாஸில் தங்குங்கள். அழகில் அது கடைசிதான், ஆனால் பேருந்து எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பும், சுற்றுலாப் படகும் பெரும்பாலும் அங்கிருந்துதான். சாப்பிட்டுவிட்டு மணல்வரை நடக்கிற சுகம் வேண்டுமென்றால் பொலோனியா. மாலைப்பொழுதுக்காகவே வருகிறவர்களுக்கு பிளாகா. ஆனால் அங்கே தெருவெல்லாம் படிக்கட்டு, பெட்டியைத் தூக்க வேண்டும்.

வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கோடையில் அடமாஸிலிருந்து பிளாகா, பொலோனியா, சரக்கினிகோ, ஃபிரிபிளாகா, பாலியோகோரி பக்கமெல்லாம் பேருந்து போகிறது. கட்டணம் குறைவு. ஆனால் கடைசி வண்டி எப்போது என்று நடத்துனரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். ஓட்டத் தெரிந்தவர்களுக்குச் சின்ன கார்தான் நல்லது. ஏடிவி என்ற, கூரையில்லாத நான்கு சக்கர பைக்கைப் பலர் எடுக்கிறார்கள். பார்க்க ஜோராக இருக்கும். மெல்டெமி நாளில் அதில் மேட்டில் ஏறினால் முகமெல்லாம் புழுதி, கை இரண்டும் வெயிலில் கருகிவிடும். என்னோடு வந்த நண்பர் மறுநாளே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கார் எடுத்தார்.

ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். மண்சாலையில் போனால் காப்பீடு கிடையாது என்று பெரும்பாலான கடைகள் எழுதியிருக்கும். மேற்குப் பாதியில் பெரும்பாலும் மண்சாலை. வண்டியை எடுக்கும்போது நான்கு பக்கமும் கைப்பேசியில் வீடியோ எடுத்துவிடுங்கள். நான் எடுக்காமல் விட்டேன், ஏற்கெனவே இருந்த கீறலுக்குக் காசு கட்டினேன்.

காற்றைப் படிப்பது

இதுதான் மிலோஸின் சூத்திரம். காலையில் எழுந்ததும் கைப்பேசியில் காற்றுத் திசையைப் பாருங்கள். விண்டி போன்ற செயலி போதும். வடக்கிலிருந்து வீசினால் தெற்குக் கரைக்குப் போங்கள். தெற்கிலிருந்து வீசினால் வடக்குக் கரை. காற்றே இல்லையென்றால் உங்களுக்கு அதிர்ஷ்ட நாள், வடக்குக்கே போங்கள், ஏனென்றால் அந்த வாய்ப்பு தினமும் வராது.

அங்கே எல்லோரும் காற்றின் வேகத்தை போஃபோர்ட் என்ற அளவுகோலின் எண்ணில்தான் பேசுவார்கள். மூன்று வரை கவலையில்லை. நான்கு, ஐந்து என்றால் எதிர்க்கரைக்குப் போய்விடலாம். ஆறு என்பது மணிக்கு ஏறக்குறைய 40 முதல் 50 கிலோமீட்டர், சுற்றுலாப் படகுகள் யோசிக்கத் தொடங்கும். எட்டு, ஒன்பது என்று போனால் துறைமுகத்திலேயே கப்பலை நிறுத்திவிடுவார்கள். தெற்குக் காற்றுக்கு நோத்தியாஸ் என்று பெயர். இந்த இரண்டு சொல் தெரிந்தால் காபிக் கடைக்காரரிடமே அன்றைய கடற்கரையைக் கேட்டுக்கொள்ளலாம்.

அமைதியான நாளில் வடக்குக் கரை

சரக்கினிகோவுக்கு விடியற்காலையில் போங்கள், ஏழு மணிக்கு முன்னால். மரம் இல்லை, நிழல் இல்லை. எரிமலைச் சாம்பல் இறுகிய வெள்ளைப் பாறை, காற்றும் அலையும் தேய்த்துத் தேய்த்துத் தயிர்க்கட்டி மாதிரி வழவழப்பாகக் கிடக்கிறது. பத்து மணிக்கு மேல் வெயில் தலையிலும் விழும், தரையிலிருந்து கண்ணிலும் தெறிக்கும். கறுப்புக் கண்ணாடி, தண்ணீர், அடிப்பகுதி வழுக்காத செருப்பு, மூன்றும் கட்டாயம். பாறை உச்சியிலிருந்து பையன்கள் குதிப்பார்கள். ஆழம் தெரியாமல் நீங்களும் குதிக்காதீர்கள். பாறைக்குள் பழைய சுரங்கக் குகைகள் இருக்கின்றன, உள்ளே நுழைந்தால் சட்டென்று குளுமை.

அங்கிருந்து கிழக்கே கடலோரச் சாலையில் போனால் பாப்பாஃப்ராகாஸ். செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே கோடு கிழித்ததுபோல ஒரு நீண்ட நீர்ச்சந்து. பாறை சரியும் ஆபத்து இருப்பதால் மேலே நின்று பார்த்துவிட்டு வருவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே ஃபிலகோபி என்ற வெண்கலக்கால ஊரின் இடிபாடு. பார்க்கக் கல்குவியல்தான். ஆனால் இந்தத் தீவின் ஒப்சிடியன், அதாவது கத்திபோல உடையும் கறுப்பு எரிமலைக் கண்ணாடிக்கல், பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடல் கடந்து கிரேக்கப் பெருநிலத்துக்குப் போயிருக்கிறது. அங்கே ஃபிராங்தி குகையில் கிடைத்திருக்கிறது. உலோகம் வருவதற்கு முன் கத்தி வேண்டியவர்கள் பலர் மிலோஸைத் தேடி வந்தார்கள். என்ன படகில் வந்தார்கள் என்று அந்தக் கரையில் நின்று யோசித்தால் நேரம் போவதே தெரியாது.

மதியச் சாப்பாடு பொலோனியாவில். கரையோரம் புளியமரம் போலத் தூரத்தில் தெரியும், கிட்டே போனால் உப்புக்காற்றைத் தாங்கும் டாமரிஸ்க் மரங்கள். அவற்றின் நிழலில் மேசை போட்டிருப்பார்கள். நேரமிருந்தால் அங்கிருந்து கிமோலோஸ் தீவுக்குப் படகு ஏறலாம், அரை மணி நேரத்துக்குள் அக்கரை.

திரும்பும் வழியில் மந்த்ராகியா, அப்புறம் ஃபிரோபொட்டமோஸ். மீனவர் குடியிருப்பு என்றால் ஊர் மாதிரி கற்பனை செய்யாதீர்கள். சின்னக் குடா, அதைச் சுற்றிப் பாறையைக் குடைந்து கட்டிய படகுக் கொட்டில்கள், அவ்வளவுதான். இந்தக் கொட்டில்களுக்கு சிர்மாடா என்று பெயர், இழுப்பது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. குளிர்காலத்தில் படகை உள்ளே இழுத்து வைத்துவிட்டு, சில இடங்களில் மேல்மாடியில் குடும்பம் இருக்கும்.

காற்று நாளில் தெற்குக் கரை

தெற்கில் பெரிய கடற்கரைகளில் ஒன்று ஃபிரிபிளாகா. சிவப்பும் மஞ்சளும் சாம்பலுமாகச் செங்குத்துச் சுவர், அதன் அடியில் நீண்ட மணல். குழந்தைகளோடு போகிறவர்கள் இங்கேயே நாளைக் கழிக்கலாம். சுவருக்கு நேர் கீழே துண்டு விரிக்காதீர்கள், கல் விழும்.

பக்கத்தில் சிக்ராடோ. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மேலே வண்டியை நிறுத்திவிட்டு ஓரத்துக்குப் போனால் கீழே பச்சைக் கண்ணாடி மாதிரி தண்ணீர் தெரியும், இறங்க வழி தெரியாது. பாறைப் பிளவுக்குள் ஒரு கயிறு தொங்கும். அதைப் பிடித்து மண்சரிவில் பின்பக்கமாக இறங்க வேண்டும், பிறகு மர ஏணி. பிளவு இரண்டு தோள் அகலம்தான், ஒருவர் இறங்கும்போது இன்னொருவர் ஏற முடியாது. அதனால் மேலேயும் கீழேயும் ஆள்கள் வரிசை போட்டு, கிரேக்கத்திலும் இத்தாலியனிலும் "நீங்க வாங்க, இல்லை நீங்க வாங்க" என்று கத்திக்கொண்டிருப்பார்கள். பையை முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள், கையில் எதுவும் வேண்டாம். எனக்கு முன்னால் இறங்கிய பெண்மணி ஒரு கையில் செருப்பைப் பிடித்திருந்தார். பாதியில் செருப்பு ஒன்று விழுந்து, கீழே நின்றவர் தலையில் பட்டு மணலில் போய் உட்கார்ந்தது. முழங்கால் வலி உள்ளவர்கள், சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் மேலே நின்று பார்த்துவிட்டு ஃபிரிபிளாகாவுக்கே திரும்பிவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கிழக்கே பாலியோகோரி. எரிமலை இன்னும் மூச்சுவிடுகிற இடம். மணலைக் கையால் தோண்டினால் சில இடங்களில் சூடு தாங்காது. நீரில் மூழ்குகண்ணாடி போட்டுப் பார்த்தால் அடியிலிருந்து குமிழி கிளம்புவது தெரியும், கந்தக வாசம் அடிக்கும். சூட்டு மணலில் பாத்திரத்தைப் புதைத்து இறைச்சி வேகவைத்துத் தருகிற உணவகமும் அங்கே இருக்கிறது. பிரோவாடாஸ், அகியா கிரியாகி இரண்டும் அடக்கமான நல்ல கடற்கரைகள், கூட்டம் பிடிக்காத நாளுக்கு.

படகுக்கு ஒரு நாள்

தென்மேற்கு மூலையில் கிளெஃப்டிகோ. கடலுக்குள் நிற்கும் வெள்ளைப் பாறைத் தூண்கள், வளைவுகள், குகைகள். கிளெஃப்டிஸ் என்றால் திருடன். கடற்கொள்ளையர் பதுங்கிய இடம் என்பதால் அந்தப் பெயர். சாலை கிடையாது, படகுதான் எளிய வழி. மேற்குப் பக்கத்திலிருந்து நடந்து போகும் பாதை ஒன்று உண்டு, நிழலே இல்லாதது. நடப்பவர்கள் மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத் தீவுகளுக்கே உரிய விரியன் பாம்பு ஒன்று மேற்கு மிலோஸில் வாழ்கிறது. பாதுகாக்கப்பட்ட இனம், சீண்டினால் ஒழிய வராது.

அடமாஸிலிருந்து கிளம்பும் முழுநாள் படகுக்கு ஆளுக்கு நூறு யூரோவை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகும், சாப்பாடு சேர்த்துத்தான். கையைக் கடிக்கும், ஆனாலும் இந்தத் தீவில் ஒரே ஒரு செலவு செய்யலாம் என்றால் இதைச் செய்யுங்கள். கூரை இடிந்து வெளிச்சம் உள்ளே கொட்டும் சிகியா குகையும் வழியில் வரும். ஒரு சூட்சுமம்: தீவுக்கு வந்த முதல் நாளே படகுக்குப் பதிவு செய்யுங்கள். காற்றால் ரத்தானால் மாற்றிப் போட உங்கள் கையில் நாள் மிச்சமிருக்கும். கடைசி நாளுக்கு வைத்தவர்கள் துறைமுகத்தில் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

மாலை: திரிபிட்டி வழியாகக் கிளிமா

நான்கு மணிக்கு மேல், பிளாகாவுக்குப் பக்கத்து ஊரான திரிபிட்டிக்கு வாருங்கள். மலைச்சரிவில் கடலைப் பார்த்தபடி ரோமானியர் காலத்துப் பளிங்கு அரங்கம். அதற்குப் போகும் பாதையில் ஓர் அறிவிப்புப் பலகை. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இன்று நிற்கும் வீனஸ் சிலையை 1820இல் ஒரு விவசாயி கண்டெடுத்தது இந்தப் பகுதியில்தான். பிளாகா அருங்காட்சியகத்தில் இருப்பது நகல். ஊர்க்காரர்களுக்கு இந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. ஆரம்பகாலக் கிறிஸ்தவர்களின் நிலத்தடிக் கல்லறைகளும் அருகிலேயே.

அங்கிருந்து கீழே கிளிமா. சாலை குறுகல், கீழே வண்டி நிறுத்த இடமும் சொற்பம், மேலேயே நிறுத்திவிட்டு நடங்கள். ஒற்றை வரிசையாக சிர்மாடா வீடுகள். கதவு ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். கடலிலிருந்து வரும்போதே தன் வீடு எது என்று தெரியத்தான் என்று சொல்வார்கள். கிட்டே போய்ப் பாருங்கள்: கதவின் கீழ்ப்பகுதியில் முழங்கால் உயரத்துக்கு உப்பு அரித்து, வண்ணம் அப்பளம் மாதிரி உப்பி நிற்கும். அலை கொஞ்சம் பெரிதானால் நடைபாதையைத் தாண்டி அந்தக் கதவைத்தான் தொடும். நாம் நடப்பது அவர்கள் வீட்டுத் திண்ணை. ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். மேற்குப் பார்த்த இடம் என்பதால் சூரியன் விரிகுடாவின் அக்கரைக் குன்றுகளுக்குப் பின்னால் இறங்குவதைச் செருப்பு நனைய நின்று பார்க்கலாம்.

சாப்பாடு, காசு

மீன் கிலோ கணக்கில்தான் விலை. எடை போட்டு விலை சொல்லச் சொல்லிவிட்டு அப்புறம் சரி சொல்லுங்கள். ரொட்டி கேட்காமலே வரும், அதற்கும் பில்லில் ஒரு வரி இருக்கும். ஏமாற்று அல்ல, வழக்கம். சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஃபாவா என்பது மஞ்சள் பட்டாணி மசியல், கிட்டத்தட்ட நம் பருப்பு. தக்காளி, வெங்காயம் பரப்பிச் சுட்ட லடேனியா, பாலாடைக்கட்டி அடைத்த பிட்டராக்கியா, தர்பூசணியில் செய்யும் கர்பூசோபிட்டா என்ற இனிப்பு, மூன்றும் அடுமனைகளில் கிடைக்கும். காலையில் நான்கு லடேனியா வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் மதியக் கவலை இல்லை.

ஒரு குழப்பம் வரும். "நே" என்றால் ஆமாம். நம் காதுக்கு அது இல்லை என்பதுபோலக் கேட்கும். இல்லை என்பதற்கு "ஓஹி". கழிவறையில் காகிதத்தைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்துக் கூடையில் போடுங்கள், குழாய்கள் சிறியவை. குடிக்கப் புட்டித் தண்ணீர் வாங்கிவிடுங்கள். அறை வாடகைக்கு மேல் இரவுக்கு இவ்வளவு என்று அரசு வரி ஒன்று விடுதியில் கேட்பார்கள், அதற்குக் கொஞ்சம் யூரோ தனியாக வையுங்கள்.

திரும்பும் நாள்

கப்பலில் பிரேயஸ் வந்து அன்றைக்கே ஊருக்கு விமானம் என்று திட்டம் போடாதீர்கள். காற்று எழும்பினால் கப்பல் கிளம்பாது, விமானம் உங்களுக்காக நிற்காது. ஏதென்ஸில் ஓர் இரவு கட்டாயம் விடுங்கள். காற்று தொந்தரவு செய்யாமல் அந்த நாள் உங்கள் கையிலேயே மிஞ்சினால் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஃபிலகோபியில் கல்குவியலாகப் பார்த்தீர்களே, அந்த வீடுகளில் ஒன்றின் சுவரில் இருந்த ஓவியம் அங்கே இருக்கிறது. நீல முதுகும் விரிந்த செட்டையுமாகப் பறவைக்கோலா மீன்கள், தண்ணீரை விட்டு எழும்பிப் பறக்கின்றன.